கம்பத்தின் நிழலில் ஏழு பேர்

டூஸான், அரிசோனா. ஜூன். மாலை நாலு மணி.
பேருந்துக்குக் காத்திருந்த ஏழு பேர்
ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.
என்ன ஒழுங்கு என்று வியந்தேன்.
ஒழுங்கில்லை.
மின்கம்பத்தின் நிழல் அவ்வளவுதான் அகலம்.

ஒஃபீலியா யெஸ்காஸ் வண்டியை ஓரங்கட்டி
அளவுநாடாவோடு இறங்கினாள்.
முப்பது சென்டிமீட்டர்.
கடைசியில் நின்றவள் ஆஸ்பத்திரிச் சீருடையில் இருந்தாள்.
நிழல் அவள் தோளோடு முடிந்துபோக
தலைக்கு மேல் ஒரு கோப்பைப் பிடித்திருந்தாள்.
"உங்களுக்கு என்ன அளக்க வேண்டும்?" என்றாள்.
"நீங்கள் நிற்கிற இடத்தை."
"அது நிமிஷத்துக்கு நிமிஷம் நகரும், அம்மணி."

எங்கள் நிறுவனம் இரண்டு அறை, நான்கு பெண்கள்,
தாளை மெல்லும் ஓர் அச்சு இயந்திரம்.
பெண் உடைமை என்பது நிஜமா, பெயருக்கா என்று பார்க்க
சான்றிதழ் அதிகாரி வருவார்.
காசோலையில் கையெழுத்து யாருடையது?
என்னுடையது.
உங்கள் கணவரின் பங்கு?
அவர் பல் மருத்துவர். எனக்குப் பல் வலித்தால் பங்கு உண்டு.
அவர் சிரிக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பெரிய ஒப்பந்தக்காரரின் கூட்டத்தில்
எங்களுக்கு வேறு பெயர்.
"ஏழு சதவிகிதம் வந்தாச்சா?" என்பார் வாடெல்.
வந்தாச்சு என்று நாற்காலியை இழுத்துப் போடுவாள்
ஏழு சதவிகிதம்.

நூற்றுப் பன்னிரண்டு மரங்கள் வரைந்திருந்தேன்.
நிலத்தடிக் கேபிள் முப்பதைத் தின்றது.
ஓட்டுநரின் பார்வைக் கோணம் இருபத்திரண்டை.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, செலவுக் குறைப்பு என்று
சிவப்புப் பேனாவால் பத்தொன்பது.
மரம்தானே, பிறகு நடலாம் என்றார்கள்.

எல்லாம் வெல்வெட் மெஸ்கீட்.
நாம் சீமைக்கருவேலம் என்று வாய் நிறையத் திட்டுகிறோமே,
அதற்கு ஒன்றுவிட்ட அக்கா.
இங்கே அது உள்ளூர்க்காரி.
வந்தேறி நான்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ஒஃபீலியா
வரைபடம் எதுவும் எடுத்து வரவில்லை.
கம்பளத்தில் மண்டியிட்டுக் கறுப்பு நாடா ஒட்டினாள்.
முப்பது சென்டிமீட்டர் அகலம், பன்னிரண்டு மீட்டர் நீளம்;
மேசையைத் தள்ள வேண்டியிருந்தது.
"இதற்குள் நில்லுங்கள்," என்றாள்.
"எவ்வளவு நேரம்?"
"அடுத்த பேருந்து வரும் வரை. இருபத்தைந்து நிமிஷம்."

பதினொரு பொறியாளர்கள் நின்றார்கள்,
முன்னவர் பிடரியைப் பார்த்தபடி,
இருபத்திரண்டு டிகிரி குளிரில்.
ஆறாம் நிமிஷம் வாடெலுக்குத் தொலைபேசி வந்தது.
ஒன்பதாம் நிமிஷம் ஒருவர் கால் மாற்றினார், நாடா கிழிந்தது.
பதினாலில் யாரோ கேட்டார்,
"பிள்ளையோடு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள்?"
எவரும் பதில் சொல்லவில்லை.

பத்தொன்பது திரும்பி வந்தன.
ஐம்பத்திரண்டு வரவில்லை.
அதற்கு விலையாக எஃகு இருக்கைகளை விட்டுக்கொடுத்தாள்,
நிறுவனத்தின் பெயர் பொறிக்கவிருந்த கல்லை விட்டுக்கொடுத்தாள்.
மண்ணைக் கேட்டபோது மட்டும் முடியாது என்றாள்.
நடைபாதைக்கு அடியில், யாரும் மிதித்து இறுக்காத மண்,
தெரு ஓரத்தை வெட்டி மழைநீர் உள்ளே வரும் வழி.
திறப்பு விழாவில் படமெடுக்க முடியாத பகுதி அது.
பட்ஜெட்டில் அதிகம் பிடித்ததும் அதுதான்.

அக்டோபரில் நட்டோம்.
மேற்கே, வெயில் சாய்கிற பக்கம், ஆறடிக்கு ஒரு குச்சி.

மறு ஜூனில் தனியாகப் போய்ப் பார்த்தேன்.
கன்றின் நிழல் கம்பத்தின் நிழலைவிட மெலிது.
ஐந்து பேர் இன்னும் கம்பத்தின் பின்னால்தான்.
சீருடைக்காரி இந்த முறை மூன்றாவது.
என்னை அடையாளம் தெரியவில்லை.

பை கனத்ததோ என்னவோ,
வரிசையை விட்டு விலகி நடந்து,
தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து
கன்றின் நிழலில் வைத்தாள்,
நிழல் நகர்ந்தபோது
காலால் அதையும் கொஞ்சம் நகர்த்தினாள்.